எண்பத்தேழாம் இலக்கத்துச் சேலை

சீதேவிப்பிள்ளைக்கு முகம் வரையத் தெரியாது. படம் கேட்டு வருகிறவர்களிடம் வாசலிலேயே அதைச் சொல்லிவிடுவாள். சேலை, சட்டை, ஆம்பிளைச் சேட்டு, களிசான், செருப்பு, காப்பு, தோடு எல்லாம் வரைவாள். கழுத்துக்கு மேலே வெறும் முட்டை வடிவம்தான். அதற்குள் கண்ணும் மூக்கும் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வாள்.

அவள் பிறந்தது ஆரையம்பதி. பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடம் சிற்றூழியராக வேலை பார்த்தவள். எழும்ப முடியாதவர்களைப் புரட்டிவிடுவது, கழுவித் துடைப்பது, செத்தவரின் வாயைக் கட்டி வெள்ளை மூடி அனுப்புவது, இவைதான் அவள் தொழில். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாற்பத்து நான்கு வயது வரை ஒரு பூவைக்கூட வரைந்ததில்லை. அந்த வயதில் கடல் வந்தது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குக் காலை வேலை. ஒரே பிள்ளை கம்சாயினி, வயது பன்னிரண்டு, கல்லடியில் கடற்கரையோரம் இருந்த மச்சாள் வீட்டில் நின்றாள். தகப்பன் காய்ச்சலில் போன பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளையைத் தகப்பனின் தங்கச்சி வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாயிருந்தது. மூன்று நாளுக்கு முன்னர் பையில் வைத்துக் கொடுத்தவை மஞ்சள் சட்டை ஒன்று, நீலப்பூச் சட்டை ஒன்று, வீட்டில் உடுக்க இரண்டு பாவாடை சட்டை. உடுத்திக்கொண்டு போனது கோடுபோட்ட சட்டை. ஞாயிறு பின்னேரம் பார்க்கும்போது மச்சாளின் வீடும் இல்லை, வீட்டிலிருந்த நான்கு பேரும் இல்லை.

கூட வேலை செய்தவர்கள் அவளை ஒரு மூலையில் இருத்தப் பார்த்தார்கள்.

"இரிந்து என்ன செய்யிற?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "உடல் வாற இடத்திலயே நிக்கிறன். வந்தா என்ர கையால வரட்டும்."

அவள் ஒவ்வோர் உடலாகப் பார்த்து உடுப்பைச் சொல்லச் சொல்ல, ஒரு கிளாக்கர் எழுதினார். முதலிரண்டு நாளும் யாரோ வந்து படம் பிடித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து முகத்தைப் படம் பிடித்துப் பயனில்லை என்று ஆகிவிட்டது. தண்ணீரில் கிடந்த உடம்புக்கு வயதும் இல்லை, நிறமும் இல்லை. உடுப்பும் நகையும்தான் ஆளைச் சொல்லவேண்டும்.

எண்பத்தேழாம் இலக்கம் அந்த மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. வெள்ளைச் சேலை, ஒடுங்கிய நீலக் கரை. இடுப்பில் இரண்டு தரம் மடித்துச் சொருகி, மேலே துணி நாடாவால் இறுகக் கட்டியிருந்தது. அதனால்தான் சேலை உடம்போடு மிஞ்சியது. முந்தானை மூலையில் ஒரு முடிச்சு. முடிச்சுகளை அவிழ்த்துப் பார்ப்பது அவள் ஒழுங்கு. இது உப்பில் ஊறி இறுகிக் கிடந்தது. வெளியே உடல்களை ஏற்றிப்போக உழவு இயந்திரம் பெட்டியோடு உறுமிக்கொண்டு நின்றது. இரண்டு விரலால் அமத்திப் பார்த்தாள். நீளமாக, கடினமாக ஏதோ தட்டுப்பட்டது.

"திறப்பு" என்றாள். முந்தானையில் வீட்டுச் சாவியை முடிகிறவள் வீட்டுக்காரி. "பொம்புள. இருபத்தஞ்சு வயசு மதிக்கலாம்."

கிளாக்கர் அப்படியே எழுதினார். எண்பத்தெட்டாவது வந்தது.

எல்லாமாக நூற்று அறுபத்து மூன்று பேர். ஊருக்கு உள்ளே தள்ளிக் கிடங்கு வெட்டி, இலக்கம் இட்டுப் புதைத்தார்கள். ஐந்து உடுப்புகளில் ஒன்றையாவது சீதேவிப்பிள்ளை காணவில்லை. கடைசியாகப் பிள்ளை எதை உடுத்தியிருந்தாள் என்பது தெரிந்தால் இலக்கம் தெரியும். இலக்கம் தெரிந்தால் எந்தக் கிடங்கு என்று தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பிள்ளை உயிரோடு இருப்பாள் என்று அவள் ஒரு நாளும் நினைக்கவில்லை.

தை மாதம் ஆட்கள் பட்டியலைப் பார்க்க வந்தார்கள். முப்பத்தோராம் இலக்கத்துக்கு 'நீலப் பூப்போட்ட சட்டை' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்கு நான்கு தாய்மார் வந்தார்கள். நான்கு பேரும் அது தன் பிள்ளைதான் என்றார்கள். பூ பெரிதா சிறிதா, கழுத்துக்குப் பட்டி இருந்ததா, கைக்கு லாஸ்டிக் போட்டிருந்ததா என்று எழுத்தில் ஒன்றும் இல்லை. அது கம்சாயினியின் சட்டை அல்ல என்று தெரிந்த சீதேவிப்பிள்ளையின் கண்ணுக்குள் எல்லாம் இருந்தது. அதைக் காட்டுகிற வழிதான் தெரியவில்லை.

மறக்க முதல் வரைந்துவிட வேண்டுமென்று ஒரு வெள்ளைக் கொப்பி வாங்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனாள். அங்கே றுக்ஷானா என்றொரு தையல்காரப் பெண் இருந்தாள். இருபத்து மூன்று வயது, மாப்பிள்ளை கட்டாரில். கம்சாயினிக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள் அவள்தான். வாடிக்கைக்காரருக்குக் காட்ட உடுப்பு மாதிரிகளைத் தானே வரைந்து ஒரு கொப்பி வைத்திருந்தாள்.

"எனக்கும் இப்பிடிக் கீறப் பழக்கிவிடு புள்ள."

"எதுக்கக்கா? எனக்குப் போட்டியாக் கடை துறக்கப் போறீங்களா?"

"செத்த ஆக்கள்ர உடுப்பக் கீற."

றுக்ஷானா மெஷின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாள். கதிரையில் கிடந்த துணிகளை அள்ளிப் போட்டுவிட்டு இருக்க இடம் கொடுத்தாள்.

முதல் நாள் சீதேவிப்பிள்ளை வரைந்த சட்டையைப் பார்த்து றுக்ஷானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது கொடியில காயப் போட்ட சட்டைக்கா. உள்ளுக்க ஆள் இல்ல. ஆள் இல்லாட்டி துணி எங்க பிடிக்கும், எங்க விழும்? மொதல்ல ஆளக் கீறுங்க. மறுகா உடுப்ப உடுத்துங்க."

முட்டை ஒன்று தலைக்கு. தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. கையும் காலும் குழாய் மாதிரி. அதன் மேல் துணி. துணி தோளில் பிடிக்கும், முழங்கையில் பிடிக்கும், இடுப்பில் பிடிக்கும். பிடித்த இடத்திலிருந்துதான் மடிப்புப் புறப்படும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மாதம் ஆகும் என்று றுக்ஷானா எண்ணியிருந்தாள். சீதேவிப்பிள்ளைக்கு மூன்றே நாளில் பிடிபட்டது. படுக்கையில் கிடப்பவருக்குப் புண் வருகிற இடங்களை அவள் இருபது வருடமாகத் துடைத்து மருந்து போட்டவள். உடம்பு எங்கே துருத்திக்கொண்டு துணியைத் தேய்க்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நகைதான் கையில் வரவில்லை. காப்பை வரைந்தால் மணிக்கட்டில் குறுக்கே இழுத்த கீறலாகத்தான் இருந்தது.

"காப்புக்குப் பின்பக்கமும் இரிக்கிக்கா. நமக்குத் தெரியாத பக்கத்தையும் நினைச்சிக் கீறினாத்தான் கையச் சுத்தி நிக்கும்."

பூவும் அப்படித்தான். துணி மடிகிற இடத்தில் பூவும் மடியவேண்டும், பாதிப் பூ மறையவேண்டும். முழுப் பூவாக வரிசைக்கு வரைந்தால் அது சட்டை ஆகாது, சுவரில் ஒட்டிய கடதாசி ஆகிவிடும். முப்பத்தோராம் இலக்கத்துச் சட்டையை ஏழாம் தரம் வரைந்தபோது பூ சரியாக மடிந்தது. அதைக் கொண்டுபோய் நான்கு தாய்மாருக்கும் காட்டினாள். மூன்று பேர் இல்லையென்று தலையாட்டினார்கள். நான்காவது தாய் கொப்பியைக் கீழே வைக்கவில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்து நேரே காத்தான்குடிக்குத்தான். ஒவ்வோர் இலக்கமாக வரைந்தாள். கம்சாயினியின் ஐந்து உடுப்புகளையும் தனித்தனித் தாளில் வரைந்தாள். அவற்றுக்குள் மட்டும் ஆளை வைக்கவில்லை.

"மகளக் கீறல்லயா?" என்று ஒரு நாள் றுக்ஷானா மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்குள்ள வெச்சுக் கீற? அஞ்சு கிடக்கு."

எண்பத்தேழாம் இலக்கத்துக்கு வந்தபோதுதான் இருவருக்கும் தர்க்கம் வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் உடம்பை வரைந்து, அதன்மேல் நீலக்கரைச் சேலையை உடுத்தி, இடுப்பில் இரண்டு மடிப்பும் நாடாவும் போட்டாள். கரையோரம் சிவப்பு நூலில் இரண்டு தையலும் ஒரு வட்டமும் இருந்தது நினைவில் நின்றது, அதையும் போட்டாள். றுக்ஷானா பார்த்துவிட்டுப் படத்திலிருந்த சேலையின் நீளத்தை விரலால் அளந்தாள்.

"இது பொருந்தல்லக்கா. இந்த உசரத்து ஆள் ரெண்டு தரம் மடிச்சிச் சொருகினா சீலை முழங்காலுக்கு ஏறிடும். வயசுக்கு வந்த பொம்புள அப்பிடியா உடுப்பா?"

"நான் கண்ட."

"தண்ணியில பெரட்டி வந்ததுதானே. சுருண்டிரிக்கும். நாடாவும் எங்கயாவது கிடந்து சுத்தியிரிக்கும்."

சீதேவிப்பிள்ளை யோசித்தாள். படம் என்றால் பொருந்தவேண்டும் என்று பழகியிருந்தாள். ஆள் பெரிது, மடிப்போ கூடுதல். இரண்டில் ஒன்று பிழை. ஆளை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை. திறப்பு முடிந்திருந்த பெண்ணல்லவா? அழிறப்பரை எடுத்து ஒரு மடிப்பையும் நாடாவையும் அழித்தாள். சேலை அழகாக, பாதம் வரைக்கும் விழுந்தது.

மாசி மாதம் உதயரூபன் என்ற கடற்றொழிலாளி வந்தான். கல்லடி ஆள். மனைவி அன்னப்பூரணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இரண்டு வயதுப் பெண்பிள்ளை தென்னையில் தங்கிப் பிழைத்திருந்தது. கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்தவன் எண்பத்தேழில் நின்றான். சிவப்புத் தையலில் விரலை வைத்தான்.

"ரெண்டு தையலும் ஒரு வட்டமும். எங்கட வீட்டுக் குறி. எங்கட கட்டாடி போடுறது. இது அன்னம்ர சீலை."

வெளுக்கப் போகும் உடுப்புகள் மாறாமலிருக்கக் கட்டாடி, அதாவது வண்ணார், வீட்டுக்கொரு குறி போடுவது அங்கே வழக்கம். அதைவிட நல்ல அடையாளம் யாருக்கும் கிடைக்கவில்லை. எண்பத்தேழுக்கு நேரே அன்னப்பூரணி என்று எழுதி, அடையாளம் காணப்பட்டது என்று முத்திரை குத்தினார்கள். அவளுடைய படமொன்றும் வீட்டில் மிஞ்சவில்லை என்று உதயரூபன் சொன்னதால், சீதேவிப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெரிதாக ஒன்று வரைந்து கொடுத்தாள்.

நூற்று அறுபத்து மூன்றில் பதினொரு பேருக்கு இப்படிப் பெயர் கிடைத்தது. மற்றவர்கள் இலக்கமாகவே கிடந்தார்கள். கம்சாயினி எந்த இலக்கம் என்று தெரியவில்லை.

அதன் பிறகு சண்டை திரும்ப வந்தது. ஆட்கள் காணாமல் போனார்கள். கடலில் படமெல்லாம் போன வீடுகளில் பிள்ளைகளும் போனபோது, காட்டித் தேட ஒரு படமும் இருக்கவில்லை. அப்படியானவர்கள் சீதேவிப்பிள்ளையைத் தேடி வந்தார்கள். கொண்டுபோன நேரம் என்ன உடுத்தியிருந்தான் என்று அவள் கேட்பாள், அவர்கள் சொல்வார்கள், அவள் வரைவாள். அந்தப் படங்களால் எவராவது கிடைத்ததாக அவள் அறியவில்லை. அதையும் வாசலிலேயே சொன்னாள். அப்படியிருந்தும் வந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது. அந்த ஆவணியில் வாகரையிலிருந்து ஆச்சிப்பிள்ளை என்பவள் வந்தாள். ஐம்பது வயது, ஒற்றைநாடி உடம்பு, ஊர்த் துணி வெளுத்து வெளுத்து விரல் நுனி சுருங்கிய கை. கடல் வந்தபோது கல்லடியில் இருந்தவள். எல்லாம் போன பிறகு வாகரையில் தமையனிடம் போய், அங்கேயிருந்தும் சண்டையில் ஓடி, முகாம் முகாமாகக் கிடந்து திரும்பியவள். இரண்டாயிரத்து ஆறில் மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சண்டை முடிந்து தடுப்பு முகாம்களில் அடைத்து வைத்திருப்பவர்களுக்குள் தேட ஒரு படம் வேண்டும்.

"உடுப்பு நினைவிரிக்கா?" என்று கேட்டாள் சீதேவிப்பிள்ளை.

"என்னகா கேள்வி இது? ஊர்ர உடுப்பெல்லாம் என்ர கையால போனது. ஆர்ர வீட்டில எத்தினை கிழிசல் எண்டும் எனக்குத் தெரியும். என்ர புள்ளைர தெரியாதா? கறுப்புக் களிசான், மண்ணிறச் சேட்டு. மூணாம் பொத்தான் வேற நிறம். நான்தான் தைச்சன், பிழையா."

சேட்டின் கழுத்துப்பட்டி எந்த மாதிரி என்று காட்டச் சொல்லிப் பழைய கொப்பியை அவள் மடியில் வைத்துவிட்டு, சீதேவிப்பிள்ளை பென்சில் சீவினாள். ஆச்சிப்பிள்ளை தாள்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் கை நின்றது.

"இது அன்னம்ர சீலையெல்லா?"

"ஓம். புருசன் வந்து அடையாளம் கண்டு முடிஞ்சுது."

"ஆள் அவ இல்லியே."

சீதேவிப்பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சீலை எனக்கிட்ட வெளுக்கக் கிடந்தது. நான் அத மாத்துக்குக் குடுத்திட்டன். கடல் வாறத்துக்கு முதல் நாள், நத்தார் அண்டு பின்னேரம், கடற்கரைப் பக்கத்து வீட்டில ஒரு புள்ள பெரிசாகிட்டுதெண்டு கூப்பிட்டாங்க. லீவுக்கு வந்து நிண்ட புள்ள."

பெண்பிள்ளை பெரியவளானால், உடுத்தியிருந்ததைக் களைந்து கட்டாடி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அவள் கொண்டுவருகிற மாற்றுச் சேலையை உடுத்துவார்கள். அந்தச் சேலை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. வெளுத்த சேலைகளுக்குள் நல்லது ஒன்றாக இருக்கும்.

"தாய்க்கு ஆரும் சொல்லல்லயா?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

"மாமிக்காரி விடியச் சர்க்கரையோட தானே போய்ச் சொல்லுறதெண்டு இரிந்தவ. தாய்க்கு ஆஸ்பத்திரியில வேலையாம். விடியத்தான் கடல் வந்திட்டே." படத்தை இன்னும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். "சின்ன உடம்பு. சீலை காலுக்க மிதிபடுமெண்டு ரெண்டு தரம் மடிச்சுச் சொருகி நாடாவால கட்டிவிட்டன். நீங்க ஒண்டுதான் கீறியிரிக்கீங்க. இதென்ன, முடிச்சில திறப்பெண்டு எழுதிக் கிடக்கு? திறப்பில்ல கா. இரும்பாணி. காவலுக்கு நான்தான் முடிஞ்சுவிட்டன்." பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "அந்தப் புள்ளைய உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் சீதேவிப்பிள்ளை. "மூணாம் பொத்தான் என்ன நிறம்?"

"வெள்ளை."

சேட்டை வரைந்து முடித்தாள். களிசானின் முழங்கால் மடிப்பைப் போட்டாள். வெள்ளைப் பொத்தானை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, நூல் தெரியப் போட்டாள். படத்தைச் சுருட்டி, நாடா கட்டிக் கொடுத்து, வாகரை பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லி அனுப்பினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நிலத்தில் இருந்தாள். தன் இரண்டு விரலையும் பார்த்தாள். ஆணிக்குத் தலை இருக்கும். திறப்புக்கு வளையம் இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி அமத்தியிருந்தால் போதும்.

அடுத்த ஞாயிறு கல்லடிக்குப் போனாள். உதயரூபனுக்கு வீட்டுத் திட்டத்தில் கொடுத்த சிறிய கல்வீடு. முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் எண்பத்தேழாம் இலக்கம் மாலையோடு தொங்கியது. முட்டை வடிவத்துக்குள் கலர் பென்சிலால் இரண்டு பெரிய கண், சிவப்புப் பொட்டு, காது வரை இழுத்த சிரிப்பு. சட்டத்துக்குக் கீழே ஏழு வயதுப் பெண்பிள்ளை ஆர்த்திகா குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மாக்கு முகம் நான்தான் கீறின" என்று அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

உதயரூபன் தேத்தண்ணீர் கொண்டுவந்தான். சீதேவிப்பிள்ளை அவனை வெளியே முற்றத்துக்குக் கூப்பிட்டு, ஆச்சிப்பிள்ளை சொன்னதைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். அவன் திடுக்கிடவில்லை.

"சீலை வெளுக்கப் போட்டது எனக்குத் தெரியாதக்கா. ஆனா திறப்பு முடியிற பழக்கம் அவக்கு இல்ல. எங்கட வீட்டுக்குப் பூட்டே இருந்ததில்ல. கொஞ்ச நாள் கழிச்சு யோசிச்சன்."

"யோசிச்சும் ஏன் வந்து சொல்லல்ல?"

"சொல்லி? அன்னம் எங்கயெண்டு நீங்க சொல்லுவீங்களா? எனக்கும் ஒரு கிடங்கு வேணும். திவசத்துக்கு எங்கயெண்டு போய் நிக்கிற?" வாசல் பக்கம் திரும்பினான். "உங்கட புள்ளையெண்டா நீங்க கொண்டு போங்க. நான் மறிக்க மாட்டன். கழட்டித் தாறன்."

உள்ளே போய்க் கதிரையை இழுத்துச் சுவரோடு வைத்தான். ஆர்த்திகா எழும்பி உட்கார்ந்தாள்.

"அம்மாவ ஏன்ப்பா கழட்டுறீங்க?"

அவன் கதிரையில் ஏறியபடியே திரும்பிச் சீதேவிப்பிள்ளையைப் பார்த்தான்.

"தூசி கிடக்கெண்டு சொன்னன் புள்ள" என்றாள் அவள். "துடைச்சா சரி."

தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வெளிக்கிட்டாள். வீட்டுக்குப் போகவில்லை, பஸ்ஸில் இருந்து காத்தான்குடியில் இறங்கினாள். றுக்ஷானாவுக்கு இப்போது மூன்று மெஷின், உதவிக்கு இரண்டு பெண்கள். சீதேவிப்பிள்ளை விஷயத்தைச் சொல்லிவிட்டு கம்சாயினியின் சீருடை அளவு எழுதிய இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுக் கொப்பியைக் கேட்டாள். றுக்ஷானா அலுமாரியின் அடியிலிருந்து அதை எடுத்தாள்.

"நான்தானேக்கா அழிக்கச் சொன்ன."

"நீ சொன்னது சரிதான். உடுப்பு ஆளுக்குப் பொருந்தல்ல. ஆளப் பிழையாக் கீறினது நான். அளவ வாசி."

"தோள் பன்னிரண்டரை. நெஞ்சு இருபத்தாறு. இடுப்பு இருபத்து மூணு. தோள்ல இருந்து முழங்கால் முப்பத்தொண்டு."

ஒரு புதுத் தாளில் முட்டையைப் போட்டாள். தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. சிறிய உடம்புதான். அதன்மேல் நீலக்கரைச் சேலையை உடுத்தினாள். இரண்டு மடிப்பு, மேலே நாடா. மூலையில் முடிச்சு, அதற்குள் ஆணியின் தலை துருத்திக்கொண்டு. ஓர் இடத்தையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. கரை குதிக்காலில் வந்து நின்றது. அடுத்த அறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முகத்தில் பென்சில் படவில்லை. அது அவள் பழகாதது. மேல்மூலையில் இலக்கம் எழுதுகிற இடத்தையும் வெறுமையாக விட்டாள். அந்த இலக்கம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. வேறு இலக்கம் இல்லை.